சொல்லாமல் விட்ட கடவு

அத்தியாயம் ஒன்பது

மத்தியானப் பாசஞ்சர் பாறசாலையை விட்டுப் போய்க் கால்மணி நேரம் ஆகியும் அந்தப் பெண் ஸ்டேஷனை விட்டு வெளியே வரவில்லை. துப்பறியும் மோகனன் தன் மாடி அறையின் ஜன்னல் கதவுக்குப் பின்னால், அவள் கண்ணில் படாதபடி ஒதுங்கி நின்றார். ஊர் உலகத்தில் துப்பறிகிறவர்கள் குற்றவாளியைக் கண்டு ஒளிவது உண்டு. தன் கட்சிக்காரியைக் கண்டு ஒளிகிறவர் இந்த ஜில்லாவில் இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

கடைசியில் வந்தாள். நீலக் குடையை விரித்தாள். ரோட்டைக் கடக்கும்போது அண்ணாந்து இந்த ஜன்னலைப் பார்த்து, கோவிலுக்கு முன்னால் போகிறவர்கள் செய்வதுபோல லேசாகத் தலையைத் தாழ்த்திவிட்டுப் போனாள். அந்த மரியாதைதான் மோகனனைக் குத்தியது. திட்டிவிட்டுப் போயிருந்தால் நிம்மதியாக மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருப்பார்.

"போயாச்சு சாரே. இனி வெளிய வரலாம்," என்றாள் ஸ்ரீகுமாரி.

ஸ்ரீகுமாரி அவருடைய உதவியாளர். ஒரு தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் பதினாறு வருஷம் விரல் தேய்ந்தவள். இப்போது மோகனனின் அறிக்கைகளைத் தட்டுவதும், அவர் மூக்கைத் தட்டுவதும் அவள் வேலை. சோதனைச் சாவடியில் லாரி லாரியாக ஒளித்து வந்த சாராயக் கேன்களை மோப்பம் பிடித்த மோகனன், அந்த உத்தியோகத்தை விட்டுவிட்டு ஆறு வருஷமாக இந்த மாடியில் தொழில் நடத்துகிறார் என்றால், பாதிப் பெருமை அவளுக்குத்தான். அவரும் அதை மறுப்பதில்லை, சொல்லுவதும் இல்லை.

குடை பிடித்துப் போனவள் ரெஜிலா. அவள் புருஷன் கனகதாஸ், ஸ்டேஷன் ரோட்டில் டேப்ரிக்கார்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த சாதுவான ஆள். தொண்ணூற்றைந்து டிசம்பர் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை, கடையை அடைத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் நெய்யாற்றுக் கரைக்குப் போனார். அங்கே கிருஷ்ணன்குட்டி என்பவர் புதிதாக ஒரு தொழில் தொடங்கியிருந்தார். சின்ன ஃபைபர் படகை வாடகைக்கு எடுக்கலாம். படகுக்காரன் கூட வரமாட்டான். நாமே எஞ்சினை ஓட்டிக்கொண்டு தென்னந்தோப்பும் வெயிலும் மணல் கரையுமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம். கனகதாஸ் பதினொன்றரை மணிக்குப் படகை எடுத்தார். திரும்பி வரவில்லை. மறுநாள் காலை பூசைக்குப் போய்க்கொண்டிருந்த பொழியூர்க்காரர்கள், ஆள் இல்லாத படகு கடலில் ஆடிக்கொண்டு நிற்பதைக் கண்டார்கள்.

மூன்று வாரம் கழித்து ரெஜிலா மோகனனிடம் வந்தாள். மோகனன் துப்பறிந்தார். எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகத் துப்பறிந்தார் என்பதை நினைத்தால் இப்போது அவருக்கே உடம்பு கூசுகிறது.

நெய்யாறு கடலைத் தொடுகிற வாயில் கடல் வாரிப் போடுகிற மணல்மேட்டுக்குப் பொழி என்று பெயர். அது அடைந்து கிடந்தால் ஆற்று வெள்ளம் உள்ளேயே குளம்போலத் தேங்கி நிற்கும். ஆற்றிலிருந்து கடலுக்கு எறும்பு நனையாமல் நடந்து போகலாம். படகு போக முடியாது. அந்தச் சனிக்கிழமை பொழி அடைந்துதான் கிடந்தது என்று கரையிலுள்ளவர்கள் ஒன்றுபோலச் சொன்னார்கள். படகுக்கார கிருஷ்ணன்குட்டியும் அதையே சொன்னார். அவருக்கும் கரைக்காரர்களுக்கும் ஆகவே ஆகாது. எதிரும் புதிருமாக நிற்கிறவர்கள் ஒரே வார்த்தையைச் சொன்னால் அது உண்மையாகத்தானே இருக்க வேண்டும்? மோகனன் நேரில் போய் அந்த மணல்மேட்டின் மேல் செருப்புக் காலோடு குதித்தும் பார்த்தார். பாறைபோல இருந்தது. அது டிசம்பர் கடைசி என்பதும், கடல் மூன்று வாரத்தில் எத்தனை லாரி மணலையும் வாரிக் கொட்டும் என்பதும் அவருக்குத் தோன்றவில்லை.

அறிக்கை இரண்டரைப் பக்கம். படகு தானாகக் கடலுக்குப் போகவில்லை, மணலின் மேல் இழுத்துச் சென்று தள்ளிவிடப்பட்டது. தள்ளியவர் கனகதாஸ். தான் இறந்துவிட்டதாக ஊர் நம்பட்டும் என்று செய்துவிட்டு எங்கோ போயிருக்கிறார். கடைசி வரி இப்படி: "ஆகவே கனகதாஸ் உயிரோடு இருக்கிறார் என்று உறுதியாகச் சொல்லலாம்."

உறுதியாக என்ற சொல் வேண்டுமா என்று ஸ்ரீகுமாரி அன்றைக்கே கேட்டாள். வேண்டும் என்றார்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ரெஜிலா தினமும் ஆறு மைல் பஸ்ஸில் வந்து மத்தியானப் பாசஞ்சரில் இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்க்கிறாள். கனகதாஸின் அம்மா சுகிர்தபாய், மகனுக்கு ஒரு நினைவு ஜெபமாவது நடத்தி, சபைக் கல்லறைத் தோட்டத்தில் பெயர் வெட்டிய கல் ஒன்று வைக்க வேண்டும் என்று அழுகிறாள். ரெஜிலா அறிக்கையைக் காட்டி மறுத்துவிட்டாள். உயிரோடு இருக்கிறவருக்குக் கல் வைப்பார்களா என்று கேட்டாளாம். இரண்டு பெண்களும் இப்போது பேசிக்கொள்வதில்லை.

அறிக்கை சரியாக இருந்தால் இதெல்லாம் வேறு விஷயம். சரிதானா என்ற சந்தேகம் ஒரு மாதமாக மோகனனை அரித்துக்கொண்டிருந்தது. உயிரோடு இருக்கிறவர் பத்து வாரத்தில் ஒரு போஸ்ட் கார்டு போடமாட்டாரா? மெட்ராஸ், பம்பாய், மங்களூர் என்று தெரிந்த இடமெல்லாம் விசாரித்துவிட்டார். டேப்ரிக்கார்டர் ரிப்பேர் செய்கிற ஒரு சாது எங்கும் அகப்படவில்லை.

"கிருஷ்ணன்குட்டி ஆளனுப்பியிருந்தாரு. படத்தத் திருப்பிக் கேக்காரு," என்று ஸ்ரீகுமாரி ஒரு கவரை மேசைமேல் கவிழ்த்தாள்.

கிருஷ்ணன்குட்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. படகு எடுக்கிறவர்களைக் கடவின், அதாவது படகுத்துறையின், தண்ணீருக்கு மேலே தெரிகிற கடைசிப் படியில் நிறுத்தி, போகும்போது ஒரு படம், வரும்போது ஒரு படம் எடுப்பார். பின்பக்கம் பென்சிலால் தேதியும் மணியும் எழுதி வைப்பார். முதல் வாடகைக்காரன் எஞ்சின் விசிறியை உடைத்துவிட்டு, வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது என்று சாதித்ததிலிருந்து வந்த எச்சரிக்கை. வழக்குக்காக வாங்கிய அந்த நாளின் படங்கள் இத்தனை நாள் கட்டுக்குள் கிடந்தன.

ஸ்ரீகுமாரி இரண்டு படங்களை மட்டும் எடுத்து அருகருகே வைத்தாள். ஒன்றில் கனகதாஸ், காலை பதினொன்றரை. தலையில் ஓலைத் தொப்பி. கையில் இன்னொரு ஓலைத் தொப்பி. மற்றதில் நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த ஒரு தம்பதி, மாலை நாலு மணி. அவர்கள் ஆற்றின் மேல்பக்கமாகப் போய்விட்டுத் திரும்பியவர்கள். முழங்கால்வரை சேறு. இரண்டு பேரும் சிரிக்க முயன்று தோற்றிருந்தார்கள்.

"சாரே, ஒரு சின்ன சந்தேகம். இந்த ரெண்டு படத்துக்கும் நடுவுல வெள்ளத்தக் குடிச்சது யாரு?"

மோகனன் குனிந்தார். கனகதாஸ் நிற்பது மேலிருந்து மூன்றாவது படி. அவர் பாதத்துக்குக் கீழே ஆறு முட்டிக்கொண்டு நிற்கிறது. தம்பதி நிற்பது எட்டாவது படி. அதற்கும் கீழே வெறும் சேறு, சேற்றில் ஒருபக்கம் சாய்ந்து படகு.

நாலரை மணி நேரத்தில் ஐந்து படி. அவர் திரும்பத் திரும்ப எண்ணினார். படிகள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இதே படங்களை அவர் டிசம்பரில் லென்ஸ் வைத்துப் பார்த்தவர்தான். அப்போது இரண்டாவது தொப்பியைப் பார்த்தார். அதில் ஒரு கூட்டாளியைக் கண்டுபிடித்தார். அது பெண்ணாகவும் இருக்கலாம் என்று நினைத்து, ரெஜிலா மனம் நோகக் கூடாதென்று இந்தப் படத்தை அவளிடம் காட்டாமலே மறைத்தார். தொப்பியை லென்ஸ் வைத்துப் பார்த்தவர் ஆற்றை வெறுங்கண்ணால் பார்க்கவில்லை.

"அன்னைக்கு மணலை வெட்டிப் பொழியை முறிச்சிருக்காங்க," என்றார்.

"ஆமா. அப்ப அறிக்கையில உறுதின்னு எழுதினது?"

"வாயை மூடிட்டு ஸ்கூட்டர்ல ஏறு."

வாயை மூடாமலே அவள் ஏறிக்கொண்டாள்.

* * *

கிருஷ்ணன்குட்டி பழைய கடத்துக்காரர், ஆட்களைப் படகில் அக்கரை சேர்த்தவர். பாலம் வந்து கடத்து நின்றுபோன பிறகு, கோவளத்தில் வெள்ளைக்காரர்கள் தாங்களே படகோட்டித் திரிவதைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு படகு வாங்கினார். மகள்களின் பெயரைப் படகுகளுக்கு வைத்தார். பிந்து ஒன்று, அஞ்சு ஒன்று. கடலில் அகப்பட்டது அஞ்சு. மகள் அஞ்சு அதற்குப் பிறகு கடவுப் பக்கமே வருவதில்லை என்று அவர் ஸ்ரீகுமாரியிடம் ஒருமுறை சொல்லியிருந்தார்.

மோகனன் படகு வேண்டும் என்றார். இரண்டு மணி நேரத்துக்கு, தானே ஓட்டுவதாக. கிருஷ்ணன்குட்டிக்கு முகம் மலர்ந்தது. பத்து வாரமாக ஈ ஓட்டுகிற கடவில் ஒரு வாடகை. காமிராவை எடுத்துவந்து, சாரும் அம்மையும் கடைசிப் படியில் நிற்கட்டும் என்றார்.

மோகனன் ஒவ்வொரு படியாக உரக்க எண்ணிக்கொண்டே இறங்கினார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவது படி தண்ணீருக்குள் இருந்தது. அங்கே நின்று திரும்பினார்.

"டிசம்பர் ஒன்பதாம் தேதி சாயங்காலம் நாலு மணிக்கு நான் வந்திருந்தா, எத்தனாவது படியில நிறுத்திப் படம் எடுத்திருப்பிய கிருஷ்ணன்குட்டி?"

காமிரா மெதுவாகக் கீழே இறங்கியது. கிருஷ்ணன்குட்டி மேல்படியில் உட்கார்ந்துவிட்டார். பேசத் தொடங்கியவரால் நிறுத்த முடியவில்லை.

மலையில் பெய்த மழைக்கு அந்த வாரம் ஆறு நிறைந்திருந்தது. இங்கே பளீரென்று வெயில். ஆனால் கீழ்க்கரை வீடுகளின் முற்றத்தில் வெள்ளம். ஆற்றில் வெள்ளம் நின்றால்தான் இவருக்குப் படகு ஓடும்; வடிந்தால்தான் அவர்களுக்கு அடுப்பு எரியும். அதுதான் பகை. பொழியை முறிக்க சர்க்கார் அனுமதி வேண்டும். அக்கரைக்காரர்கள் சம்மதிக்க வேண்டும். அனுமதி வரவில்லை. அந்தச் சனிக்கிழமை அக்கரைக்காரர்கள் முழுக்கப் சர்ச் திருவிழாவுக்குப் போயிருக்க, பட்டப்பகலில் கீழ்க்கரை ஆண்கள் மண்வெட்டியோடு போய் ஒரு முழ அகலத்துக்கு வாய்க்கால் கீறிவிட்டு, யாரும் பார்க்குமுன் தென்னந்தோப்பு வழியே கலைந்துவிட்டார்கள். ஒரு முழம் போதும். மீதியை ஆறே அறுத்துக்கொண்டு போகும். ஒரு மணி நேரத்தில் பஸ் போகிற அகலத்துக்குத் திறந்துவிடும். உள்ளே இருப்பது எதுவானாலும் வாரிக் கடலில் கொண்டுபோய்க் கொட்டும்.

மறுநாள் ஆளில்லாத படகு அகப்பட்டதும் கரைக்காரர்கள் வாயைத் தைத்துக்கொண்டார்கள். பொழி அடைந்து கிடந்தது என்றார்கள்.

"நானும் அதையே சொன்னேன் சாரே. லைசென்ஸ் இல்ல, மிதக்கிற சட்டை இல்ல, ஒரு மனுசனப் படகு ஏத்தி விட்டவன் நானாக்கும். பொழி தொறந்து கெடந்துதுன்னு சொன்னா மொதல்ல என்னைத்தானே பிடிப்பாங்க? அவனுவ பொய் எனக்கும் சேந்து வந்துது."

மோகனன் அவரைக் கோபித்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. பொய் சொன்னவர் இவர் என்றால், அதைத் தட்டச்சு செய்ய வைத்துக் கையெழுத்துப் போட்டவர் மோகனன்.

ஸ்ரீகுமாரி வேறொன்று கேட்டாள். பொழி முறிக்குமுன் கரை முழுக்கத் தெரிவிக்கிற வழக்கம் உண்டே, அன்று தெரிவிக்கவில்லையா? கிருஷ்ணன்குட்டி நிமிர்ந்தார். உண்டு. எந்த வீட்டுக்காரர் முறிக்கச் சொல்லிக் கேட்கிறாரோ அந்த வீட்டிலிருந்து ஒருவர் கடவு கடவாகப் போய்ச் சொல்ல வேண்டும், படகைக் கட்டிப் போடுங்கள் என்று. அவருடைய அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். பகை எத்தனை இருந்தாலும் அது மாறியதில்லை.

"அன்னைக்கு எல்லா கடவுக்கும் ஆளு போயிருக்கு. எனக்க கடவுக்கு மட்டும் யாரும் வரல்ல. வந்து சொல்லியிருந்தா நான் பஞ்சாயத்துக்கு ஓடிப்போய்த் தடுத்திருப்பேன்னு பயந்திருப்பாங்க. தடுத்திருப்பேன்தான். ஆனா கனகதாசப் போக விட்டிருக்க மாட்டேன்."

எந்த வீடு கேட்டது என்பது அவருக்குத் தெரியாது. சொல்ல வேண்டியவர் வந்திருந்தால்தானே தெரியும்.

மோகனன் படகின் கயிற்றை அவிழ்த்தார்.

* * *

எஞ்சின் கயிற்றை ஏழு தடவை இழுத்த பிறகு அது உறுமியது. படகு முதலில் நேராகத் தாழம்புதருக்குள் போனது. பின்பக்கமாக வெளியே வந்தது. சார் எடுத்த வழக்குகளிலேயே வேகமாக ஓடுவது இதுதான் என்றாள் ஸ்ரீகுமாரி, சேலைத் தலைப்பிலிருந்து தாழை முள்ளை எடுத்துக்கொண்டே. மோகனன் சிரிக்கவில்லை.

அவ்வளவு அழகான நாள். வெயில் ஆற்றின் மேல் தகடு தகடாகக் கிடந்தது. இரண்டு கரையிலும் தென்னை, கம்புகளின் மேல் சிறகை விரித்து உலர்த்துகிற நீர்க்காகங்கள், தூரத்தில் வெள்ளையாக மணல்மேடு, அதற்கப்பால் நீலமாகக் கடல். கனகதாஸும் இதையேதான் பார்த்துக்கொண்டு போயிருப்பார். நாள் முழுக்க அடுத்தவர்கள் வீட்டு டேப்ரிக்கார்டருக்குள் தலையைக் கவிழ்த்திருந்த மனிதர், தலைநிமிர்ந்து வெயில் பார்க்கக் கிளம்பிய ஒருநாள். அவருக்காக மனம் கனிய வேண்டிய இடத்தில் மோகனன் கூட்டாளியைத் தேடியிருந்தார். அந்த நினைப்பு அவருக்கு எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டுக்கொண்டே இருந்தது.

பாதி வழியில் கீழ்க்கரைக் கடவு. ரெஜிலாவின் வீடு அங்கேதான், தண்ணீரை ஒட்டி. பக்கத்து வீட்டுச் சத்தியபாய் கரையில் உட்கார்ந்து, ஊறிய தேங்காய்க் கதம்பையைக் கொட்டாப்புளியால் அடித்து நாராக்கிக்கொண்டிருந்தாள். படகு கரையில் முட்டிய சத்தத்துக்குத் தலைநிமிர்ந்தவள், படகின் பெயரைப் படித்ததும் கொட்டாப்புளியைக் கீழே போட்டுவிட்டாள். அது அஞ்சு.

மோகனன் மிரட்டவில்லை. பொழி முறித்தது தெரியும், எட்டாவது படி தெரியும் என்று மட்டும் சொன்னார். கனகதாஸ் அன்று இந்தப் பக்கம் வந்தாரா என்று கேட்டார்.

வந்தார் என்றாள் சத்தியபாய். இதே இடத்தில் படகை நிறுத்தி, பெண்டாட்டியின் பெயரைச் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டார். அவள் வீட்டில் இல்லை. எங்கே என்று கேட்டார்.

"பொழிப் பக்கம் போயிருக்கான்னு சொன்னேன். இந்தக் கையாலதான் சார் காட்டினேன். சிரிச்சிட்டு, தொப்பியத் தூக்கி எனக்கு ஒரு சலாம் போட்டுட்டுப் போனாரு. அப்பம் அவங்க முறிக்கப் போயிருக்காங்கன்னு எனக்குத் தெரியும். இத்தன சீக்கிரம் தொறக்கும்னு தெரியாது."

ரெஜிலா அங்கே எதற்குப் போனாள் என்று கேட்டதற்கு, மண்வெட்டி பிடிக்கிறவர்களுக்குக் கட்டன்சாயா கொண்டு போனாள் என்றாள். கதம்பையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். சாயா கொண்டுபோவது யார் வீட்டு வேலை என்று மோகனன் கேட்கவே இல்லை. அவர் கண் வேறிடத்தில் நின்றுவிட்டது.

கரையிலுள்ள எல்லா வீட்டுச் சுவரிலும் முழங்கால் உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு. வெள்ளம் நின்ற அடையாளம். ரெஜிலாவின் அடுக்களைச் சுவரில் மட்டும் கோடு இல்லை. முழங்கால் உயரம்வரை புதுச் சுண்ணாம்பு; அதற்கு மேலே பழைய அழுக்கு. கிறிஸ்துமஸுக்கு வெள்ளை அடிப்பவர்கள் சுவர் முழுக்க அடிப்பார்கள். முழங்கால்வரை மட்டும் அடிக்கிறவருக்கு அழகு வேண்டாம். அந்தக் கோடு கண்ணில் படாமல் இருந்தால் போதும்.

ஸ்ரீகுமாரி அவர் காதோரம் மெல்லச் சொன்னாள். டிசம்பரில் எடுத்த வாக்குமூலங்களைத் தட்டியவள் அவள். பொழி அடைந்து கிடந்தது என்று முதல்முதலாகச் சொன்னது கரைக்காரர்கள் இல்லை, கிருஷ்ணன்குட்டியும் இல்லை. முதல் பக்கம், முதல் வாக்குமூலம், மூன்றாவது வரி. கட்சிக்காரி.

நீலக் குடை தோப்பு வழியே வந்துகொண்டிருந்தது.

* * *

ரெஜிலா படகைப் பார்த்தாள். பிறகு மோகனனைப் பார்த்தாள். குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, எப்போதும்போலத் தலையைத் தாழ்த்தினாள்.

மோகனன் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்று உண்டு. அது வாயில் வரவில்லை. "நான் எழுதினது தப்பு ரெஜிலா," என்றார். "உங்களை இத்தனை வாரம் ஸ்டேஷன்ல நிறுத்திட்டேன். என்னை மன்னிக்கணும்."

"தப்புன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் சார்."

அவள் அடுக்களை வாசல்படியில் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல் சொன்னாள். அடுக்களைக்குள் ஐந்து நாள் வெள்ளம் நின்றது. பொறுக்க முடியாமல் அண்ணன்மாரிடம் அவள்தான் கேட்டாள், முறித்துவிடுங்கள் என்று. கேட்ட வீடு என்பதால் கடவுகளுக்குச் சொல்லப் போகவேண்டியவளும் அவள்தான். காலையிலேயே கிளம்பி ஏழு கடவுக்கும் போனாள். கிருஷ்ணன்குட்டியின் கடவுக்குப் போகவேண்டாம், அவர் கெடுத்துவிடுவார் என்று அண்ணன்மார் சொன்னார்கள்.

"அவங்க சொன்னது ஒரு காரணம். அர மணிக்கூறு வெயில்ல நடக்கணுமேன்னு எனக்கும் மடி, ஒரு சோம்பல். உச்சி வெயில்ல அந்தப் படக யாரு எடுக்கப் போறான்னு நெனச்சேன். சாயாவக் குடுத்துட்டுத் தோப்பு வழியா வந்தேன். அவரு வெள்ளம் வழியாப் போயிருக்காரு."

பிறகு சுகிர்தபாய் ஜெபம், கல் என்று பேசத் தொடங்கினாள். கல் வைத்துவிட்டால் எல்லாம் முடிந்துபோகும். தான் செய்ததும் கல்லில் எழுதியதாகிவிடும். அதனால்தான் துப்பறிகிறவரைத் தேடிப் போனதாக ரெஜிலா சொன்னாள். பொழி அடைந்து கிடந்தது என்று ஒரு வார்த்தை சொன்னாள். மீதியை அவரே கண்டுபிடித்துக்கொண்டார். உயிரோடு இருக்கிறார் என்று ஒரு படித்த மனிதர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது அவளுக்கு வேண்டியிருந்தது.

மோகனன் தன் வாழ்க்கையில் இத்தனை சுருக்கமாக ஏமாந்ததில்லை. அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுகிற அவசரத்தில், எதிரே உட்கார்ந்திருந்தவளின் முகத்தை ஒருமுறைகூடச் சரியாகப் பார்க்கவில்லை என்பதுதான் அவரைச் சுட்டது.

"பொய்யின்னு தெரிஞ்சும் எதுக்கு தெனமும் ஸ்டேஷனுக்குப் போனிய?" என்று ஸ்ரீகுமாரி கேட்டாள். கேலி துளியும் இல்லை.

"போற நாளுக்கு மட்டும் நான் அவரக் கொல்லல்ல, அக்கா."

இனி மறைப்பதற்கு மோகனனிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அவர் சட்டைப் பையிலிருந்து படத்தை எடுத்தார். கொடுக்கலாமா என்று தயங்கினார். ஒருதடவை அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்து இதை மறைத்து வைத்தவர். இரண்டாவது தடவை அந்தத் தப்பைச் செய்ய அவருக்கு மனம் இல்லை. கொடுத்தார்.

ரெஜிலா வெகுநேரம் பார்த்தாள். விரல் முதலில் புருஷனின் முகத்தில் நின்றது. அப்புறம் கைக்கு இறங்கியது.

"ரெண்டாவது தொப்பி யாருக்கு சார்?"

கரையில் சத்தியபாய் சேலையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கல்யாண நாளுக்கு முந்தின நாளு அது," என்றாள் ரெஜிலா. "ஒருநாள் உன்னையக் கடல் பாக்கக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டே இருந்தாரு. நான் சிரிப்பேன். கடல் எங்க போயிரப் போவுதுன்னு கேப்பேன்." அவள் அழுதாள். பத்து வாரத்து அழுகை, சத்தமே இல்லை. ஸ்ரீகுமாரி போய் அவள் பக்கத்தில் அந்தச் சுண்ணாம்புச் சுவரில் முதுகு பட உட்கார்ந்துகொண்டாள்.

அழுது தீர்ந்ததும் ரெஜிலா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். படத்தை ஜம்பர் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். குடையை எடுக்கவில்லை.

"எங்க போறிய?" என்று மோகனன் பதறிக் கேட்டார்.

"அத்தைக்கிட்டப் போகணும். ஜெபத்துக்கு நாளு குறிக்கணும். அதுக்கு முன்ன ஒரு எடத்துக்குப் போக உண்டு." அவள் கரையோரப் பாதையில் இறங்கி, மேல்பக்கமாக நடந்தாள்.

படகில் வாருங்கள் என்று கூப்பிட மோகனன் வாயெடுத்தார். ஸ்ரீகுமாரி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். எஞ்சினைப் போடாமல், அவர் துடுப்பைக் கையில் எடுத்தார். கரையை ஒட்டி, அவள் நடக்கிற வேகத்துக்குப் படகைத் தள்ளிக்கொண்டே வந்தார். வெயில் உச்சி சாய்ந்திருந்தாலும் மணல் காலைச் சுட்டிருக்கும். அவள் ஒரு தென்னை நிழலிலும் நிற்கவில்லை.

அரை மணி நேரம் ஆயிற்று. கிருஷ்ணன்குட்டி கடவில் அதே படியில் உட்கார்ந்திருந்தார். நடந்து வருவது யார் என்று தெரிந்ததும் எழுந்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

ரெஜிலா மேல்படியில் நின்றாள். மூச்சு வாங்கியது. அந்தச் சனிக்கிழமை மற்ற ஏழு கடவிலும் சொன்ன அதே வார்த்தையை, அதே மாதிரி சொன்னாள்.

"அண்ணா, இன்னைக்குப் பொழி முறிக்காங்க. படகக் கட்டிப் போடுங்க."

கிருஷ்ணன்குட்டி ஒரு கணம் விழித்தார். அப்புறம் புரிந்தது. அவர் உதடு கோணியது.

"செரி மக்கா," என்றார். "கட்டிப் போடுதேன்."

அவர் கையை நீட்டினார். மோகனன் படகிலிருந்தே கயிற்று நுனியை எடுத்துக் கொடுத்தார். கிருஷ்ணன்குட்டி அதை வாங்கிக் கடவில் நட்டிருந்த மரக்குற்றியில் மூன்று சுற்றுச் சுற்றி, இறுக்கிக் கட்டினார்.